டாக்டர் அனுப்பிய பார்சல்: ஓர் இணைய நட்பு மோசடியின் முழு விவரம்

இந்த நிகழ்வில் வரும் டீச்சர் தனியொரு பெண்மணி அல்லர். சமூக வலைத்தள நட்பில் பணத்தைப் பறிகொடுத்தவர்களின் அனுபவங்களில் திரும்பத் திரும்ப வரும் கட்டங்களை ஒருவருக்கு நடந்ததாகத் தொகுத்திருக்கிறேன். யாருடைய அடையாளமும் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பது முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு. இப்படி ஒரு செய்தியைக் கேள்விப்படுகிற எல்லோரும் ‘இதைக்கூடவா நம்பினார்?’ என்றுதான் கேட்கிறார்கள். கடைசியில் நடந்ததை மட்டும் கேட்டால் அப்படித்தான் தோன்றும். முதல் நாளிலிருந்து வரிசையாகப் பார்த்தால், ஒவ்வொரு கட்டத்திலும் நம்புவதற்கு அவருக்கு ஒரு காரணம் இருந்தது; சந்தேகப்படவும் காரணம் இருந்தது. அந்தச் சந்தேகங்கள் எங்கே போயின என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

தொடர்பு வந்த வழி

டீச்சர் ஓய்வுபெற்றவர். கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகின்றன. மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். விடுமுறை நாளில் கூப்பிடுவார். முகநூலில் செடி வளர்ப்பவர்களின் குழு ஒன்றில் டீச்சர் சேர்ந்திருந்தார். தான் வளர்த்த ஆர்கிட் பூத்ததும் படம் எடுத்துப் போட்டார். பலர் ‘அருமை’ என்றார்கள். ஒருவர் மட்டும், “வேர் அழுகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் அக்கா?” என்று கேட்டிருந்தார். டீச்சர் நீளமாகப் பதில் எழுதினார். அன்று மாலையே நட்பு அழைப்பு வந்தது.

அனுப்பியவர் ஒரு பெண். புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தில் பிறந்த டாக்டர், போர் நடக்கும் நாடொன்றில் நிவாரணக் குழுவோடு பணியாற்றுகிறார் என்று சுயவிவரம் சொன்னது. முகம் தெரியாத ஆண்களிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது டீச்சருக்கு நன்றாகத் தெரியும். வந்தவர் பெண், பேச்சோ செடியைப் பற்றி. இணைய மோசடி என்றாலே காதல், கல்யாணம் என்று எச்சரித்துப் பழகிவிட்டோம். நட்பு, அக்கா தங்கை உறவு, பக்திக் குழு, பழைய மாணவர் சங்கம் என்று எந்த வாசல் வழியாகவும் இதே மோசடி உள்ளே வரும்.

அந்தத் தொழில் தேர்வைக் கவனியுங்கள். போர்க்களத்து டாக்டர், வெளிநாட்டில் இருக்கும் ராணுவ அதிகாரி, நடுக்கடல் எண்ணெய்த் தளத்துப் பொறியாளர், கப்பல் கேப்டன் என்று இந்த மோசடிகளில் வரும் வேலைகள் எல்லாமே ஒரு காரியத்தைச் செய்கின்றன. நேரில் சந்திக்க முடியாததற்கும், வீடியோவில் பேச முடியாததற்கும், கையில் பணம் இருந்தும் எடுக்க முடியாததற்கும் அந்த வேலையே முன்கூட்டிப் பதில் சொல்லிவிடுகிறது. பிறகு டீச்சர் கேட்கவிருக்கும் கேள்விகளுக்கான விடைகள் முதல் நாளே சுயவிவரத்தில் எழுதப்பட்டிருந்தன.

கணக்கைக் கொஞ்சம் துருவியிருந்தால் தெரிந்திருக்கக் கூடியவையும் உண்டு. கணக்கு பல ஆண்டு பழையது. ஆனால் படங்கள் எல்லாம் அடுத்தடுத்த இரண்டே நாட்களில் ஏற்றப்பட்டவை. சுயவிவரப் பக்கத்தின் இணைய முகவரியில் இருந்த பெயர் வேறு, மேலே தெரிந்த பெயர் வேறு. பிறருடைய கணக்கைத் திருடியோ விலைக்கு வாங்கியோ பெயரை மாற்றினால் இப்படி நேரும். படங்களுக்குக் கீழே கருத்து எழுதியவர்களில் உடன் படித்தவர், உடன் வேலை செய்தவர், உறவினர் என்று ஒருவர்கூட இல்லை. உண்மையான மனிதருடைய பக்கத்தில் யாராவது ஒருவர் உரிமையோடு கிண்டல் செய்திருப்பார், பழைய சம்பவம் ஒன்றை நினைவுபடுத்தியிருப்பார். இந்தப் பக்கத்தில் வெறும் பாராட்டு மட்டுமே இருந்தது.

வேறு செயலிக்கு அழைப்பு

சில நாட்களுக்குள் டாக்டர் கேட்டார்: “நான் முகநூலுக்கு எப்போதாவதுதான் வருவேன் அக்கா. வாட்ஸாப்பில் பேசலாமா?”

கேட்பதற்குச் சாதாரணமான வார்த்தை. நம் நண்பர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். ஆனால் அறிமுகமான சில நாட்களில், முகம் தெரியாதவர் கேட்டால் அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். குழு நிர்வாகியோ முகநூலோ அந்தக் கணக்கை முடக்கினாலும் இனி தொடர்பு அறுந்துபோகாது. மோசடி மையங்களோடு தொடர்புடைய 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளை நீக்கியதாக முகநூலை நடத்தும் மெட்டா நிறுவனம் 2024 நவம்பரில் அறிவித்தது. அதற்குள் எத்தனை பேரைக் கைப்பேசி எண்ணோடு வேறு செயலிக்கு அழைத்துப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் மனம் பதறுகிறது. இங்கே டீச்சரின் விஷயத்திலும் அப்படியே ஆயிற்று. முதலில் பேசிய முகநூல் கணக்கு இரண்டே வாரத்தில் காணாமல் போனது. “யாரோ என் கணக்கைத் திருடிவிட்டார்கள் அக்கா” என்றார் டாக்டர். டீச்சர் அதற்காகப் பரிதாபப்பட்டார்.

பணம் பேசாத வாரங்கள்

மோசடியின் பெரும்பகுதி இங்கேதான் நடந்தது. இதில் ஒரு ரூபாய்கூடக் கைமாறவில்லை.

காலையில் வணக்கம். மதியம் சாப்பிட்டீர்களா என்ற விசாரிப்பு. இரவு அன்றைய நாள் எப்படிப் போனது என்ற கேள்வி. டீச்சர் சொன்னதை டாக்டர் மறக்கவே மாட்டார். முழங்கால் வலி என்று ஒருமுறை சொன்னால் நான்காம் நாள் அதைக் கேட்பார். கணவரின் நினைவு நாளைச் சொல்லியிருந்தார். அன்று அதிகாலையில் முதல் செய்தி டாக்டரிடமிருந்துதான் வந்தது. மகனுக்கு அன்று வேலை நெருக்கடி. இந்த ஒப்பீட்டை டீச்சர் தனக்குள் செய்துகொண்டார். டாக்டர் செய்யவைத்தார் என்றும் சொல்லலாம்.

டாக்டரின் நினைவாற்றலுக்குப் பின்னால் குறிப்பேடு இருக்கிறது. இந்த மோசடிகளைச் செய்பவர்கள் பல சமயம் தனி ஆட்கள் அல்ல. ஷிப்டு முறையில் இயங்கும் கூட்டம். காலையில் பேசியவரும் இரவில் பேசியவரும் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். எழுதி வைத்ததைப் பார்த்துப் பேசுகிறார்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இத்தகைய இணைய மோசடி வேலைகளில் கட்டாயப்படுத்தி அடைத்து வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. நல்ல வேலை என்று நம்பிப் போய் மாட்டிக்கொண்டவர்கள் அவர்களில் பலர். டீச்சரிடம் பேசிய விரல்கள் யாருடையவையோ, அவரும் ஒருவரிடம் ஏமாந்தவராக இருக்கக்கூடும்.

டாக்டரும் தன் கணவரை இழந்தவர் என்று ஒருநாள் சொன்னார். டீச்சர் தன் கதையைச் சொன்ன பிறகுதான் இது வந்தது. செடி, தனிமை, கடவுள் நம்பிக்கை, பிள்ளைகள் மீதான சிறு வருத்தம் எல்லாவற்றிலும் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். ஒவ்வொரு முறையும் டீச்சர் முதலில் சொல்வார், டாக்டர் பிறகு ‘நானும்’ என்பார். இந்த வரிசையை யாராவது உட்கார்ந்து படித்துப் பார்த்திருந்தால் பளிச்சென்று தெரிந்திருக்கும். உள்ளே இருப்பவருக்கு அது பொருத்தமாகத் தெரிகிறது.

டாக்டரின் தமிழ் கொஞ்சம் விநோதமாக இருந்தது. ஒரே செய்தியில் ‘நீங்கள்’ என்று தொடங்கி ‘நீ’ என்று முடியும். அக்கா என்று கூப்பிட்டுவிட்டு ஒருமையில் பேசுவாரா என்று டீச்சருக்கு உறுத்தியது. வெளிநாட்டில் வளர்ந்தவர் என்பதால் பொறுத்துக்கொண்டார். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு எடுத்தது அப்படி வந்திருக்கலாம். ஆனால் இந்த அடையாளத்தை இனி அதிகம் நம்ப முடியாது. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பிழையில்லாமல், மரியாதைச் சொல் தவறாமல் எழுதித் தருகின்றன. நல்ல தமிழில் எழுதுகிறார் என்பதால் நல்லவர் என்று முடிவுகட்ட வேண்டாம்.

இரண்டு முறை வீடியோ அழைப்பும் நடந்தது. முகம் தெரிந்தது, கையசைத்தது, அரை நிமிடத்துக்குள் படம் உறைந்து அழைப்பு துண்டித்தது. டீச்சருக்கு அது போதுமானதாக இருந்தது. பழைய பதிவு ஒன்றை ஓட்டிக்காட்டி இதைச் செய்யலாம். அதைவிட மேலாகவும் செய்கிறார்கள். வீடியோ அழைப்பில் போலி முகம் காட்டி நட்பும் காதலும் பேசி 36 கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் பறித்த கும்பல் என்று 27 பேரை ஹாங்காங் போலீசார் 2024 அக்டோபரில் கைது செய்தார்கள். வீடியோவில் பார்த்தேன் என்பதை இன்று சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது.

பார்சல்

ஒரு மாதம் கழிந்து டாக்டர் ஒரு பரிசு அனுப்பினார். பெட்டியின் படம், உள்ளே இருந்த பொருட்களின் படம், கூரியர் ரசீது, கண்காணிப்பு எண் எல்லாம் வந்தன. அந்த எண்ணைப் போட்டால் பார்சல் நகர்வதைக் காட்டும் இணையதளமும் இருந்தது. அந்தத் தளம் சில வாரங்களுக்கு முன்புதான் உருவாக்கப்பட்டது என்பதைப் பிறகு பார்த்தார்கள்.

“எதற்கம்மா இதெல்லாம்?” என்று டீச்சர் எழுதினார்.

“எனக்கு அக்கா இல்லை. அனுப்பாதே என்று சொல்லாதீர்கள். ஆனால் உங்கள் மகனிடம் இப்போது சொல்ல வேண்டாம். உள்ளே அவருக்கும் ஒன்று இருக்கிறது, திடீரென்று பார்த்தால் சந்தோஷப்படுவார்.”

மூன்றாம் நாள் சுங்க அதிகாரி என்று ஒருவர் கூப்பிட்டார். பார்சலுக்கு வரி கட்ட வேண்டும் என்றார். சிறிய தொகை. கட்டினார். மறுநாள், பெட்டிக்குள் வெளிநாட்டுப் பணம் இருப்பது ஸ்கேனில் தெரிகிறது, சான்றிதழ் வாங்க வேண்டும் என்று முதல் தொகையைப்போலப் பல மடங்கு கேட்டார்கள். டீச்சர் டாக்டரிடம் பதறினார். “என் சேமிப்பை உங்கள் பெயரில் பத்திரப்படுத்தத்தான் வைத்தேன். இங்கே எப்போது குண்டு விழும் என்று தெரியாது” என்று டாக்டர் அழுதார். கட்டாவிட்டால் கள்ளப்பண வழக்கு டீச்சர் மேலேயே பாயும் என்று அதிகாரி மிரட்டினார். அன்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். இரண்டுமே ஒரே மேசையிலிருந்து வந்தவை.

அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 2022-ல் தனக்கு வந்த காதல் மோசடிப் புகார்களை ஆராய்ந்தது. கிட்டத்தட்ட 70,000 பேர், இழப்பு 130 கோடி டாலர். மோசடிக்காரர்கள் சொன்ன பொய்களையும் அது வகைப்படுத்தியது. எனக்கோ என் உறவினருக்கோ நோய், காயம் அல்லது சிறை என்பது 24 சதவீதம். முதலீடு சொல்லித் தருகிறேன், தொலைதூர ராணுவப் பணியில் இருக்கிறேன், முக்கியமான பார்சலுக்கு உதவி வேண்டும் என்பவை தலா 18 சதவீதம். பணத்தை இழந்தவர்களில் 40 சதவீதம் பேருக்குத் தொடர்பு தொடங்கியது சமூக வலைத்தளத்தில். டீச்சருக்கு வந்தது பார்சல். இன்னொருவருக்கு அதே டாக்டர் முதலீட்டுச் செயலி ஒன்றைக் காட்டியிருப்பார். அதில் போட்ட பணம் திரையில் வளரும், முதல் முறை கொஞ்சம் எடுக்கவும் விடுவார்கள். அந்தச் சிறு தொகை திரும்பி வந்ததை நம்பித்தான் பெரிய தொகை போகிறது.

பணம் போன கணக்கு எந்த அரசுத் துறையின் பெயரிலும் இல்லை; தனிநபரின் பெயரில் இருந்தது. அடுத்த முறை வேறொரு தனிநபர். இந்த ஒன்றே போதும், எல்லாவற்றையும் நிறுத்த. சுங்கத்துறையோ நீதிமன்றமோ யாரோ ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லாது. பரிசு அட்டை எண்ணாகவோ கிரிப்டோ எனும் இணைய நாணயமாகவோ கேட்டாலும் இதே முடிவுதான்.

வங்கியில் கேட்ட கேள்வி

மூன்றாவது தொகை பெரியது. நேரில் போக வேண்டியிருந்தது. வங்கி ஊழியர், “யாருக்கு அனுப்புகிறீர்கள்? தெரிந்தவரா?” என்று கேட்டார்.

“சொந்தக்காரர். மருத்துவச் செலவு” என்றார் டீச்சர்.

டாக்டர் முதல் நாள் இரவே சொல்லிக் கொடுத்திருந்த பதில் அது. வெளிநாட்டுப் பார்சல் என்றால் தேவையில்லாமல் குடைவார்கள், நேரம் போய்விடும், இப்படிச் சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், வாழ்க்கையில் பொய் சொல்லத் தயங்கியவர், அந்தக் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பொய் சொன்னார். நா குழறியது என்று பிறகு சொன்னார்.

இந்த நிகழ்வில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமான இடம் இதுதான். டீச்சருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. ஒருமையில் பேசியபோது வந்தது, வீடியோ துண்டித்தபோது வந்தது, கணக்கில் தனிநபர் பெயரைப் பார்த்தபோது வந்தது. ஒவ்வொரு முறையும் அதைத் தீர்த்துக்கொள்ள அவர் போனது டாக்டரிடமே. “என்மேல் நம்பிக்கை இல்லையா அக்கா?” என்ற ஒரு வரியில் சந்தேகம் குற்ற உணர்வாக மாறியது. இரண்டு நாள் செய்தி வராமல் போனது. மூன்றாம் நாள் டீச்சரே மன்னிப்புக் கேட்டார். மகனிடம் சொல்லக் கூடாது என்பது பரிசு ரகசியமாகத் தொடங்கியது. தம்பியிடம் சொன்னால் பொறாமைப்படுவார் என்று வளர்ந்தது. வங்கியில் உண்மையைச் சொல்ல வேண்டாம் என்பதில் முடிந்தது. வெளியிலிருந்து ஒரு குரல் உள்ளே வரக்கூடிய வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டன.

ஆகவே, பணம் கேட்பதற்கு முன்னால் வரும் மிக வலுவான அறிகுறி எது என்று என்னைக் கேட்டால் ரகசியம் என்றுதான் சொல்வேன். நல்ல நட்பு உங்கள் வீட்டாரிடமிருந்து உங்களைப் பிரிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. ஒருவரோடு பேசுவதை வீட்டில் சொல்லத் தயங்குகிறோம் என்று தோன்றினால், அந்தத் தயக்கம் எப்போது, யாருடைய வார்த்தையால் வந்தது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வங்கியில் பொய் சொல்லச் சொல்கிறவர் எத்தனை மாதம் பழகியவராக இருந்தாலும் மோசடிக்காரர்தான். இதற்கு விதிவிலக்கு கிடையாது.

இந்த மோசடிகளை ஆராய்ந்த உளவியலாளர் மோனிகா விட்டி, 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இதன் கட்டங்களை வகுத்தார். பொருத்தமான முகம் காட்டுவது, பழகி வசப்படுத்துவது, பிறகு பணம் கேட்பது, ஏமாந்தது தெரிந்த பின்னும் மீண்டும் ஏமாற்றுவது என்று அது போகிறது. சூதாட்டத்தில் ‘இதோ கிடைத்துவிடும்’ என்ற நிலை ஆடுபவரைப் பிடித்து வைப்பது போலவே இதிலும் நடக்கிறது என்பது அவர் கண்டவற்றுள் ஒன்று. டீச்சரின் பார்சல் எப்போதும் அடுத்த ரசீதில் கைக்கு வந்துவிடும் தூரத்திலேயே இருந்தது.

வெளியே வந்தது

தம்பி மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். டீச்சரின் கைப்பேசி ஓயாமல் ஒலிப்பதையும், அவர் எழுந்து போய்ப் பேசுவதையும் கவனித்தாள். திட்டவில்லை. கைப்பேசியைப் பிடுங்கவும் இல்லை. “அத்தை, உங்கள் ஃப்ரெண்டைப் பற்றிச் சொல்லுங்களேன்” என்றாள். டீச்சர் ஆசையோடு படத்தைக் காட்டினார். சற்று நேரம் கேட்டுவிட்டு, “இந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுப் பார்க்கலாமா? சரியாக இருந்தால் நமக்கும் நிம்மதி” என்றாள்.

படத்தை வைத்து இணையத்தில் தேடும் அந்த வசதியில் பார்த்தபோது, அதே முகம் வேறொரு பெயரில், வேறொரு நாட்டு மருத்துவமனையின் பக்கத்தில் இருந்தது. படத்துக்குச் சொந்தக்காரரான அந்த மருத்துவர், தன் படத்தை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று தன் பக்கத்திலேயே எச்சரிக்கை எழுதியிருந்தார். எல்லோருக்கும் இவ்வளவு தெளிவாகக் கிடைக்காது. கணினி உருவாக்கிய முகமாக இருந்தால் தேடலில் எதுவும் வராது. ஒன்றும் வரவில்லை என்பதை உண்மையானவர் என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டீச்சர் அப்போதும் சொன்னார்: “பெயரை மாற்றி வைத்திருப்பாள். அவள் நிலைமை அப்படி.” அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. பணத்தைப் பற்றிப் பேசியது மறுநாள்தான். முதலில் கேட்டது, “அப்போது என்னோடு பேசியது யார்?” என்பது. ஏமாந்தவர்களுக்குப் பண இழப்பும் உறவின் இழப்பும் சேர்ந்தே வருகின்றன; பலருக்கு இரண்டாவதுதான் பெரிதாக இருக்கிறது என்பதை விட்டியின் ஆய்வுகளும் பதிவு செய்திருக்கின்றன. வீட்டார் இதைப் புரிந்துகொள்ளாமல் பணக் கணக்கை மட்டும் பேசினால் அவர் மறுபடி அந்தக் குரலிடமே போகக்கூடும்.

தம்பி மகள் செய்தவை சரியான வரிசையில் இருந்தன. முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கடைசிப் பரிமாற்றத்தை நிறுத்த முடியுமா என்று கேட்டாள். இதில் மணிக்கணக்குதான் முக்கியம். பணம் முதல் கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் சொல்லியாக வேண்டும். பிறகு உரையாடல் முழுவதையும் சேமித்தாள். பெயர் மட்டும் போதாது என்பதால் சுயவிவர முகவரி, கைப்பேசி எண்கள், பணம் போன கணக்கு எண்கள், பரிமாற்ற எண்கள் எல்லாவற்றையும் குறித்தாள். அவற்றோடு சைபர் குற்றப் பிரிவில் புகார். டாக்டரிடம் “கண்டுபிடித்துவிட்டோம்” என்று சொல்லவில்லை. சொன்னால் கணக்குகள் காலியாகும், சாட்சியங்கள் அழியும். அதன் பிறகே டாக்டரின் எண்ணை முடக்கினாள். கடைசித் தொகையில் ஒரு பகுதி முடக்கப்பட்டது. முந்தையவை போனவைதான்.

மூன்று வாரம் கழித்து ஒருவர் டீச்சரைத் தொடர்புகொண்டார். இணையக் குற்ற நிபுணர், பறிபோன பணத்தை மீட்டுத் தருகிறேன், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள் என்றார். எவ்வளவு போனது, எந்தத் தேதியில் போனது என்பதெல்லாம் அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. டீச்சர் இந்த முறை அழைப்பை அப்படியே வைத்துவிட்டுத் தம்பி மகளைக் கூப்பிட்டார். பணம் இழந்தவர்களின் பட்டியல் இந்தக் கும்பல்களுக்குள் விற்பனையாகிறது. முன்பணம் கேட்டு மீட்டுத் தருகிறேன் என்பவர் இரண்டாவது மோசடிக்காரர்.

டீச்சர் அந்தச் செடிக் குழுவில் நடந்ததைத் தன் பெயரிலேயே எழுதினார். மகன் வேண்டாம் என்று சொல்லியும் எழுதினார். கீழே பலர் ஆறுதல் சொன்னார்கள், சிலர் புத்தி சொன்னார்கள். இரண்டு பெண்கள் தனியாகச் செய்தி அனுப்பினார்கள். ஒருவரிடம் அதே முகம் வேறு பெயரில் பேசிக்கொண்டிருந்தது. பார்சலின் படம் அன்று காலைதான் வந்திருந்தது, அவர் எதையும் கட்டவில்லை. இன்னொருவர், தன் தோழி அப்படிப்பட்டவர் இல்லை என்று எழுதிவிட்டுக் குழுவிலிருந்து விலகிவிட்டார். அவருடைய எண்ணைக் கண்டுபிடித்துப் பேச டீச்சர் முயன்றுகொண்டிருக்கிறார்.